குழல் வாய்க்கு மேலே ஆறு விரல்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்த சின்னராசு என்பவர், சுற்றியிருந்தவர்கள் புரையேறச் சிரிக்கும்படி சொன்னதைத்தான் முதலில் கேட்டேன். பிறகு அவருடைய அக்கா மகள் செவ்வந்தி, என்னோடு கல்லூரி விடுதியில் இருந்தவள், தன் அப்பா தீர்த்தகிரி பல நாட்களில் பிய்த்துப் பிய்த்துச் சொன்னதை எனக்குச் சொன்னாள். ஒரே மத்தியானம்தான், ஆனால் இரண்டு பேர் வாயிலும் அது வேறு வேறாக இருந்தது. நான் செவ்வந்தி சொன்னதையே எழுதுகிறேன். அவருடைய மனசுக்குள் ஓடியதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் வரும் அளவு மட்டும் நானே போய்ப் பார்த்தது.

ஒரு தரமா, ரெண்டு தரமா. தீர்த்தகிரி பாறையின் நிழல் விழுந்த பக்கமாகக் குந்தியிருந்தார். ஐந்தடி தள்ளிப் புங்க மரத்தில் துப்பாக்கி சாய்ந்து நின்றது, குழல் வாயில் அவரே செருகிய பச்சை இலையோடு. அந்த மலையில் கெட்டித்த துப்பாக்கிக்கு அதுதான் அடையாளம். வெடிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து, ரவையைக் கொட்டி, மறுபடி நாரை வைத்துக் கம்பியால் குத்தி முடித்தவன், ஒரு பச்சை இலையைப் பறித்து வாயில் செருகிவிட வேண்டும். இலை இருக்கிற துப்பாக்கியை யாரும் தொடமாட்டார்கள். இலை இருக்கிறது, அதனால் கெட்டித்தாகிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இலைக்கு எண்ணத் தெரியாது. உள்ளே ஒரு மருந்து இருந்தாலும் ரெண்டு மருந்து இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் காற்றுக்கு ஆடும். கீழே மரவள்ளிக் காட்டில் நேற்றுப் பன்றி கிளறிப்போட்ட கிழங்குகளின் வாசனை, புளிக்க ஆரம்பித்துவிட்ட வாசனை, பாறை வரைக்கும் ஏறி வந்தது. மணி ரெண்டு இருக்கும். நாலு மணிக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில் வாணம் விடுவார்கள், அந்தச் சத்தத்தோடு சத்தமாக முதல் வெடியைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சின்னராசு சொல்லியிருந்தான். முதல் வெடி நான்தான் மாமா போடுவேன், துப்பாக்கியில அடிக்கிற குதிரை எங்கப்பனோடது இல்ல? என்றும் சொல்லியிருந்தான். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி வைத்துத்தான் அவன் குறி பார்ப்பான். இடது கை குழலுக்கு அடியில் இருக்கும். ஒரு தரமா, ரெண்டு தரமா. மருந்துப் புட்டியைச் சாய்த்தது ஞாபகம் இருந்தது. அளவுக்கு வைத்திருந்த மூங்கில் குப்பியில் மருந்து கருப்பாக, விளிம்பு வரைக்கும், காற்று வந்ததால் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டது ஞாபகம் இருந்தது. அது போன் வருவதற்கு முந்தியா, பிந்தியா? முந்தி என்று நினைத்தால் முந்தியாகத் தெரிகிறது. பிந்தி என்று நினைத்தால் அதே கை, அதே குப்பி, அதே காற்று.

அவருடைய அப்பா கெட்டிக்கும்போது வாயைத் திறக்கமாட்டார். வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடவும் கூடாது. ஒருமுறை அம்மா வாசலிலிருந்து மாடு கயிற்றை அறுத்துக்கிட்டு ஓடுது என்று கத்தியபோதும் அவர் தலையைத் தூக்காமல், ரவையைக் கொட்டி, நாரை வைத்து, குத்தி, இலையைச் செருகிவிட்டுத்தான் மாட்டைத் தேடிப் போனார். தீர்த்தகிரிக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஊரை விட்டு இந்தப் பாறைக்கு வந்தார். யார் கண்ணும் படாத இடம், யாரும் கூப்பிட முடியாத இடம். ஆனால் மலையில் போன் எடுக்கிற ஒரே இடமும் இதுதானே. சட்டைப் பையில் கிடந்த அந்தச் சனியனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். செவ்வந்தி வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டுப் பார்ப்பாள், கிடைக்காது, அதனால் மணி அடித்ததும் கை தானாகப் போய்விட்டது. ‘அப்பா, எங்க இருக்க? டவர் பாறையா? கேளுப்பா, வேலைக்கு என் பேரு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில நர்சு. ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி போலீசு வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களாம். பயப்படாத. வீட்டு ஆளுங்க மேல கேசு கீசு இருக்கான்னு பாப்பாங்க, அவ்வளவுதான். நமக்குத்தான் ஒன்னும் இல்லியே.’ ‘ஒன்னும் இல்ல சாமி’ என்று இவர் சொன்னார். சொல்லும்போது இடது கையில் கம்பி இருந்தது. கம்பி இருந்தது என்றால் குத்திக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். குத்திக்கொண்டிருந்தார் என்றால் மருந்து உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் போனை வைத்த பிறகு குப்பியை ஏன் எடுத்தார்? எடுத்தாரா? இல்லை, கம்பி முதலிலேயே கையில் இருந்திருக்கலாம், குழலைத் துடைக்கத் துணி சுற்றிய கம்பியாக இருந்திருக்கலாம். பாறையில் பிய்த்துப் போட்ட இலைத் துணுக்குகள் கிடந்தன. போனில் பேசும்போது கையில் கிடைத்த இலையைப் பிய்ப்பது அவர் வழக்கம். அது செருகுவதற்காகப் பறித்த முதல் இலையா, சும்மா பறித்ததா? வேலை என்ற சொல்லும் போலீசு என்ற சொல்லும் ஒரே மூச்சில் காதில் விழுந்ததற்குப் பிறகு, இலையைச் செருகியது வரைக்கும், நடுவில் வெறும் வெயில்தான் இருந்தது. கை செய்ததைக் கையிடம்தான் கேட்க வேண்டும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் கருப்பாக இருந்தன.

புட்டியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றால் புட்டி காலி. மிச்சம் இருந்த மருந்தே அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு என்பது எவ்வளவு? காலையில் குலுக்கிப் பார்த்தபோது ஒன்றரைக் குப்பி வரும் என்று தோன்றியது. ரெண்டும் வரலாம். போன் மணிக்குத் திடுக்கிட்டதில் கொஞ்சம் பாறையில் சிந்தியது, பாறை வெடிப்பில் இப்போதும் கருப்பாகத் தெரிகிறது. விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். மருந்து வாசனைதான். அது எவ்வளவு இருக்கும், அரைக் குப்பி இருக்குமா, அதற்குள் எறும்பு வேறு. ரவையை எண்ணவில்லை, சுருக்குப் பையிலிருந்து கை நிறைய அள்ளுவதுதான் பழக்கம். நாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்புறம்தான் கம்பியின் ஞாபகம் வந்து, வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இலையை எடுத்துவிட்டுக் கம்பியை மெல்ல உள்ளே விட்டார். கம்பி அப்பாவுடையது, குழலும் அப்பாவுடையது. கம்பியில் அப்பா அரத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். சரியாகக் கெட்டித்திருந்தால் கோடு குழல் வாயோடு வாயாக நிற்கும். பார்த்தார். கோடு வாய்க்கு மேலே நின்றது. விரலை வைத்து அளந்தார். ஆறு விரல். ஒரு கெட்டிப்பு மூன்று விரல் கனம். அதுகூட அப்பா சொன்னதுதான். ஆறு விரல் என்றால் உள்ளே என்ன மூன்று கெட்டிப்பா இருக்கிறது என்று மறுபடி விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, குழல் இப்போது அப்பாவின் குழல் இல்லை, வாயில் விரிசல் விட்டிருந்ததைப் பட்டறையில் கொடுத்து அறுத்தது இல்லையா, என்று ஞாபகம் வந்தது. குழல் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கோடு மேலே ஏறித்தான் நிற்கும். அறுத்தது ஆறு விரல் என்றால் உள்ளே ஒரே கெட்டிப்பு, கவலையில்லை. அறுத்தது மூன்று விரல்தான் என்றால் மீதி மூன்று விரலுக்கு உள்ளே இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அறுத்தது? ஆறா, மூணா? இலையை மறுபடி செருகினார். செருகும்போது இலை கிழிந்தது. வேறு இலை பறித்தார்.

எவ்வளவு அறுத்தது என்று அவருக்குத் தெரியாது. அதுதான் கொடுமை. பக்கத்தில்தான் நின்றார். அடிவாரத்தில், பஸ் ஸ்டாண்டு தாண்டி, பேர் கேட்காமல் வேலை செய்கிற லேத் பட்டறை. குழலைச் சாக்கில் சுற்றிக் கரும்புக் கட்டு மாதிரி தோளில் வைத்து இறங்கி வந்திருந்தார். அந்த ஆள் குழலைப் பிடியில் மாட்டி மெஷினைப் போட்ட நேரத்தில் எதிர் டீக்கடையில் ஒரு காக்கிச் சட்டை வந்து நின்றது. அதற்கப்புறம் தீர்த்தகிரி குழலைப் பார்க்கவே இல்லை. அறுக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி கேட்டது. நின்று மறுபடி கேட்டது என்றால் ரெண்டு தடவை அறுத்தானா? முதல் தடவை மூன்று விரல், விரிசல் போகவில்லை என்று இன்னும் மூன்று விரல்? இல்லை சும்மா எண்ணெய் விடுவதற்காக நிறுத்தினானா? காக்கிச் சட்டை டீயைக் குடித்துவிட்டு, கரண்டு மீட்டர் எழுதுகிற நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனது. ‘வாயி நேராயிருச்சு, எடுத்துக்க’ என்றார் பட்டறைக்காரர். துண்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பழைய குழல் எவ்வளவு நீளம் என்றாவது தெரியுமா? அப்பா பேரில் இருந்த லைசன்சு அப்பாவோடு போயிற்று, குழல் நீளம் எழுதியிருந்த அந்த நோட்டைக் கரையான் தின்றது. குழலைப் பதினாலு வருஷம் கூரைக்குள் செருகி வைத்திருந்தார். இந்த வருஷம் பன்றி மூன்று காட்டைக் காலி செய்த பிறகுதான் அதை வெளியே எடுத்தார். கட்டை, ஒடிந்த கட்டிலின் கால். குதிரையும் அதன் வில்லும் மாமனாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தவை. அவற்றை மட்டும் தீர்த்தகிரியின் மனைவி மாதம்மாள் கொடுக்கமாட்டேன் என்று டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மாதம்மாளும் சின்னராசுவும் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அப்பன், நல்ல வேட்டைக்காரன், ஒரு மழை நாளில் கெட்டித்த துப்பாக்கியை மறந்துபோய் மறுபடி கெட்டித்தார். சுட்டபோது குழல் பிளந்து இடது கையில் மூன்று விரல் போயிற்று. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. மாதம்மாள் கல்யாணத்தன்று அந்த ரெண்டு விரலால்தான் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு தாரை வார்த்தார். கடைசியில் குதிரையை எடுத்துக் கொடுத்தபோது மாதம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள். ‘எங்கப்பன் கையி மாதிரி எந்தம்பி கையி ஆவக்கூடாது. நீ பாத்துக்க.’ நான் பாத்துக்கறேன் என்று சொன்னார். அவர் பார்த்துக்கொள்வார் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். கிணற்றடிக் கயிற்றைக்கூட ரெண்டு முறை இழுத்துப் பார்ப்பவர் என்று பேர் வாங்கியவர்.

மரத்தில் கட்டிவைத்துக் கயிற்றால் இழுத்துவிட்டால்? ஒரு மருந்து என்றால் தப்பித்தது. ரெண்டு என்றால் குழல் பிளந்து போகும், விரல் போகாது. ஆனால் பிளக்கிற சத்தம் வாணச் சத்தத்தில் கரையுமா? கீழே காட்டு இலாகா வாச்சர் வீடு இருக்கிறது. சத்தம் வாச்சருக்கு, வாச்சர் ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷன் காகிதத்துக்கு, காகிதம் செவ்வந்தியின் ஆர்டருக்கு. சின்னராசு கையில் பிளந்தால்? ஆஸ்பத்திரி, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், அதே காகிதம். செவ்வந்தி வேலை பார்க்கப் போகிற ஆஸ்பத்திரியாகவே இருந்தால்? அவளே கட்டுப் போட்டுக்கொண்டு, என்னாச்சு மாமா, என்று கேட்கிற மாதிரி ஒரு காட்சி வந்தது. தலையை உதறினார். உள்ளே இருப்பதை வெளியே இழுக்கத் திருகு முனை வைத்த கம்பி ஒன்று உண்டு, அப்பா வைத்திருந்தார், இப்போது இல்லை. தண்ணீர் ஊற்றலாம். குழலுக்குள் தண்ணீர் போனால் மருந்து சேறாகிவிடும், அப்புறம் குதிரை அடித்தாலும் வெடிக்காது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது. ஆனால் மலையில் வேறு மருந்து கிடையாது. பன்றி இன்றைக்கும் வரும். ஆறு மாத மரவள்ளி. சின்னராசு கேட்பான், ஏன் மாமா ஊத்தின என்று. ஞாபகம் இல்லை என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னாலும் சொல்லலாம், அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் அப்பனுக்கு நடந்ததையே செய்துவிட்டு, அவன் அப்பனுடைய குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு? ஒன்றாகத்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றுதான். பழகிய கை தப்பு செய்யாது. மாமனார் கையும் பழகிய கைதான். பாட்டிலைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். மூடினார். மரத்து நிழல் பாறையின் வெடிப்பைத் தாண்டி, சிந்திய மருந்தைத் தாண்டி, அவருடைய கால் பெருவிரலைத் தொட்டது. மணி மூன்றரை தாண்டியிருக்கும்.

‘என்னா மாமா, மாப்ள பாக்க வந்த பொண்ணு மாதிரி குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கிற?’ சின்னராசு சரிவில் ஏறி வந்தான், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. நேராக மரத்தடிக்குப் போய்த் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கி எடை பார்த்தான். ‘அடேங்கப்பா. எங்கப்பன் குதிரை, உங்கப்பன் கொழலு, உன் கட்டிலு காலு. மூணு குடும்பத்துச் சொத்து ஒன்னா சேந்துருக்குது. கெட்டிச்சாச்சா?’

‘இலையப் பாரு.’

‘பாத்தேன் பாத்தேன்.’ இலையை உருவிக் காதில் செருகிக்கொண்டான். கட்டையைக் கன்னத்தில் வைத்து எதிர்ப் பாறையைப் பார்த்தான். இடது கை, ஐந்து விரலும், குழலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. சுண்டு விரலில் செம்பு மோதிரம். ‘வாணம் கெளம்புனதும் போட்டுர்றேன். நீ காதப் பொத்திக்க. அக்கா கேட்டா முள்ளம்பன்னி கனைச்சதுன்னு சொல்லிரு.’

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். கீழே கோயிலில் பம்பை மேளச் சத்தம் ஏறியது. வாணத்துக்கு முன்னால் பம்பை ஏறும், பிறகு நிற்கும்.

‘மாப்ள.’

‘ம்.’

‘எனக்கு ஞாபகம் இல்ல.’

‘என்னா ஞாபகம் இல்ல?’

‘மருந்து. ஒருக்கா போட்டனா ரெண்டுக்கா போட்டனான்னு. நடுவுல பாப்பா போன் பண்ணிருச்சு.’

சின்னராசு துப்பாக்கியை இறக்காமலே கழுத்தை மட்டும் திருப்பினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வெற்றிலைச் சாறு தாடையில் வழிந்தது. ‘யோவ் மாமா! பொண்ணு காலேஜு முடிச்சுப் பட்டம் வாங்கிருச்சு, அப்பனுக்கு ஒன்னுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. கிணத்துக் கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீ. ஒருக்காதான் போட்டிருப்ப. பயந்தாங்கொள்ளி. தள்ளு.’

‘கம்பி ஆறு வெரல் நிக்குது.’

‘நிக்கட்டும். எங்கப்பனுக்கு ரெண்டு வெரலு போதும்னு பொழைக்கலியா? பீடி புடிச்சாரு, சோறு தின்னாரு.’ சிரிப்பு இன்னும் நிற்கவில்லை, ஆனால் குதிரையின் மேல் வைத்த கட்டை விரல் அசையாமல் இருந்தது. பம்பை நின்றது. அந்த நொடியில் தீர்த்தகிரி என்ன நினைத்தார் என்று செவ்வந்தி கேட்டிருக்கிறாள். ஒன்றும் நினைக்கவில்லை என்றாராம். மத்தியானத்திலிருந்து ஓடியதெல்லாம் சட்டென்று நின்றுவிட்டதாம். எழுந்தார், குழலைப் பிடித்து வானத்துக்குத் திருப்பினார், பாட்டிலை அதன் வாயில் கவிழ்த்தார். தண்ணீர் மொடக் மொடக் என்று இறங்கியது. நிறைந்து வழிந்தது. சின்னராசுவின் சட்டைக் கையெல்லாம் கருப்புத் தண்ணீர். வாணம் சீறிக்கொண்டு மேலே போய் வெடித்தது.

‘போச்சு’ என்றான் சின்னராசு. ‘கெடுத்தியே மாமா.’

‘கெடுத்தேன்’ என்றார்.

அந்த வாரமே பன்றி வந்து மரவள்ளியில் முக்கால் பங்கைத் தின்றது. துப்பாக்கியைத் தீர்த்தகிரி மறுநாளே பிரித்தார். குழலை எங்கே போட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. குதிரை டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிப் போனது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் மோர் குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். செவ்வந்தி இப்போது வேலையில் இருக்கிறாள். சின்னராசுவுக்கு அன்று முதல் மாமா பேர் தண்ணித் துப்பாக்கி. பந்தியில் இந்தக் கதையைச் சொல்லும்போது, பாட்டில் கவிழ்கிற இடத்தில், தன் டம்ளரை இடது கையில் பிடித்து இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்துக் காட்டினார். ‘உள்ள இருந்தது ஒரே மருந்து. எனக்குத் தெரியாதா?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்த்தகிரியும் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அவருடைய இலையில் சோறு அப்படியே இருந்தது.

அது என்னை விடவில்லை. செவ்வந்தியிடம் சொல்லி, அவளுடைய அப்பாவின் விரல்களை நூலில் அளந்து அனுப்பச் சொன்னேன். என் விரல் வேறு, அவர் விரல் வேறு. எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டினாராம். நூலில் இரண்டு முடிச்சு இருந்தது, மூன்று விரலில் ஒன்று, ஆறு விரலில் ஒன்று. அறுத்த துண்டு ஆறு விரல் என்றால் உள்ளே இருந்தது ஒரு மருந்து, மூன்று என்றால் ரெண்டு. அடிவாரத்துப் பட்டறையைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எந்தக் குழலும் தனக்குத் தெரியாது என்று அந்த ஆள் சொன்னார். நான் எந்தப் புகாருக்கும் வரவில்லை என்று நம்ப வைத்த பிறகு, சாமி படத்துக்கு முன்னால் கையைக் காட்டினார். ஒரு பக்கம் விரிசல் விட்ட இரும்புக் குழல் துண்டு, அடியில் களிமண் அடைத்து, ஊதுபத்தி செருகியிருந்தது. மெஷின் நின்று நின்று ஓடினது கரண்டு போய்ப் போய் வந்ததால், அறுத்தது ஒரே தடவை, அந்தத் துண்டு அப்படியேதான் இருக்கிறது, அதற்கப்புறம் அதில் அரம் படவில்லை என்றார். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையே சொன்னார். சாம்பலைத் துடைத்துவிட்டு நூலைப் பக்கத்தில் பிடித்தேன். சந்தேகத்துக்கு அவரையும் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் முடிச்சு துண்டின் விளிம்போடு விளிம்பாக நின்றது. மூன்று விரல்.